அடிபட்ட மானும் இரண்டு தோட்டாக் கைத்துப்பாக்கியும்

வாசகர் கேள்வி, 14 ஒக்டோபர் 2024

இங்கிலாந்தில் தனியாள் எவரும் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். போன வாரம் என் நண்பர் ஒருவர் இரவு வேலை முடிந்து வரும் வழியில், வீதியோரம் அடிபட்டுக் கிடந்த மானை ஒரு மனிதர் சின்ன ரிவால்வரால் சுட்டதைக் கண்டாராம். பொலிஸ்காரர் பக்கத்தில் நின்று வெளிச்சம் பிடித்தாராம். நண்பர் கதை விடுகிறாரா, சட்டத்தில் ஓட்டை இருக்கிறதா? மான் சுடுகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

14 ஒக்டோபர், இரவு

கதை இல்லை. ஓட்டை என்றும் சொல்ல முடியாது; தெரிந்தே வைத்த சிறு கதவு அது.

1996 மார்ச் 13 அன்று ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் வைத்திருந்தவை அனுமதிப்பத்திரம் பெற்ற கைத்துப்பாக்கிகள். அதன் பிறகு 1997இல் வந்த சட்டம், 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் தடைப்பட்டியலில் கைத்துப்பாக்கியைச் சேர்த்தது. ‘பிஸ்டல்’ என்ற பெயரை அது பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அளவுகோலைக் கையில் எடுத்தது: குழல் 30 சென்ரிமீற்றருக்குக் குறைவு, அல்லது முழு நீளம் 60 சென்ரிமீற்றருக்குக் குறைவு என்றால் தடை.

அதே 1997 சட்டத்தின் 3ஆம் பிரிவு, மிருகங்களை வேதனையின்றிக் கொல்வதற்கு மட்டும் என்ற நிபந்தனை உங்கள் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால் அந்தத் தடையிலிருந்து விலக்குத் தருகிறது. ஓட்டப்பந்தயம் தொடங்கச் சுடும் துப்பாக்கிக்கும், 1946க்கு முன் போரில் கிடைத்த ஞாபகப் பொருளுக்கும்கூடத் தனித்தனி விலக்குகள் உண்டு.

பொலிஸார் இதை யாருக்கும் அள்ளிக் கொடுப்பதில்லை. மிருக வைத்தியர், வேட்டை நாய்க்கூடங்களில் வேலை செய்பவர், வீதியில் மான் அடிபட்டால் இரவில் பொலிஸ் அழைக்கும் ஆட்கள், இப்படிப்பட்டவர்களுக்குத்தான். அதுவும் பெரும்பாலும் இரண்டு தோட்டா மட்டும். ஆறு அறை கொண்ட ரிவால்வராக இருந்தால் மற்ற நாலு அறைகளையும் அடைத்துவிடுவார்கள்.

நான் கிழக்கு இங்கிலாந்தில் தெற்ஃபோட் காட்டுப் பக்கம் கடை வைத்திருக்கிறேன். ரைபிள் பத்திரம் எடுத்து ஒன்பது வருடம். கைத்துப்பாக்கி இல்லை. ஏன் இல்லை என்பது வேறு கதை.

15 ஒக்டோபர்

நேற்று அவசரத்தில் ஒரே சட்டம் போல எழுதிவிட்டேன். இரண்டு. 1997 பிப்ரவரியில் கொன்சவேட்டிவ் அரசு கொண்டுவந்த சட்டம் .22 அங்குலச் சிறு தோட்டாக் கைத்துப்பாக்கியை விட்டுவைத்தது, சுடும் கழகங்களில் பூட்டி வைக்கலாம் என்று. மே மாதம் ஆட்சி மாறியது. நவம்பரில் தொழிற்கட்சி அந்த .22ஐயும் சேர்த்து மூடியது. சுமார் 162,000 கைத்துப்பாக்கிகளை மக்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

வாய்ப்பக்கமாக மருந்து இடிக்கும் பழைய வகைக்குத் தடை இல்லை. வன்னியில் இடியன் துவக்கு என்போமே, அதன் கைக்குழந்தை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ரிவால்வருக்கு 30 சென்ரிமீற்றரைத் தாண்டிய குழல் போட்டு, பிடியின் பின்னால் ஒரு கம்பியைக் கழற்ற முடியாதபடி பொருத்தி, மொத்தம் 60ஐத் தாண்ட வைத்து இன்றும் சட்டப்படி இலக்குச் சுடுகிறார்கள். வால் முளைத்த ரிவால்வர். அளவுகோலால் சட்டம் எழுதினால் அளவுகோலால்தான் பதிலும் வரும்.

19 ஒக்டோபர்

அந்த வேறு கதையைக் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். முதலில் மானிலிருந்து தொடங்குகிறேன்.

2013 ஒக்டோபர். கடையைப் பூட்டிவிட்டு, தெற்ஃபோட்டிலிருந்து மன்ஃபோட் போகும் ஏ134இல் வந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் பைன் மரம், தெருவிளக்கு இல்லை. ஒரு ஃபாலோ மான் குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்து அது தப்பிவிட்டது என்று மூச்சு விடும்போதுதான் இரண்டாவது வந்து மோதியது. ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று இன்று கடைக்கு வருகிற எல்லாருக்கும் சொல்கிறேன். அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

பெட்டை. பின்பக்கம் முழுவதும் செத்துவிட்டது. முன்னங்கால்களால் புல்லை இழுத்து இழுத்து நகரப் பார்த்தது. மான் கத்தாது என்று நினைத்திருந்தேன். கத்தும்.

பொலிஸை அழைத்தேன். இருபது நிமிடத்தில் ஒரு பெண் அதிகாரி வந்தார். அவரிடம் தடி இருந்தது, மிளகுத் தெளிப்பான் போல ஏதோ இருந்தது, துப்பாக்கி இல்லை. இந்த நாட்டில் சாதாரணப் பொலிஸ் ஆயுதம் ஏந்துவதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். அன்று அந்தப் பெருமை கொஞ்சம் சுருங்கியது. அவர் வானொலியில் யாரையோ கேட்டார், அவர்கள் யாரையோ கேட்டார்கள். மொத்தம் ஐம்பது நிமிடம். பிறகு ஒரு பழைய லாண்ட் ரோவர் வந்தது. இறங்கியவர் என் கடையில் தினமும் காலையில் பத்திரிகை வாங்கும் கிழவர். மான் சுடுவார் என்பதுகூட எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, எங்கள் இருவரையும் தனக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். தோட்டா பாயும் திசையில் மண் இருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்த்தார். தார் வீதியில் சுட்டால் தோட்டா தெறித்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஒரே வெடி. அமைதி.

மறுநாள் பத்திரிகைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றேன். காசை மேசையில் வைத்துவிட்டு, வேண்டுமானால் பழகிக்கொள் என்றார். 2015இல் பத்திரம் எடுத்தேன்.

20 ஒக்டோபர்

கத்தியால் முடித்தால் என்ன, எதற்குத் துப்பாக்கி என்று ஒருவர் கேட்கிறார். கேட்பது சுலபம், தம்பி. கொம்பும் குளம்பும் உள்ள, பயத்தில் உதறுகிற அறுபது கிலோ உடம்பு அது. நீங்கள் கிட்டப் போகப் போக அது எழும்பி வீதிக்கு ஓடப் பார்க்கும். எதிரே லொறி.

சட்டமும் அதில் வாய் வைத்திருக்கிறது. 1991 மான் சட்டப்படி மானுக்குக் குழல் விட்டம் .240 அங்குலத்துக்குக் குறைந்த ரைபிள் கூடாது, தோட்டாவின் சக்தி 1,700 அடி-இறாத்தலுக்குக் (foot-pound) குறையக் கூடாது. அடிபட்ட மானுக்கு மட்டும் விலக்கு: 12 போர் (bore, குழல் விட்டத்தின் அளவு) சொட்கன், அதாவது ரவைத் துப்பாக்கி, குழல் நீளம் 24 அங்குலத்துக்குக் குறைவு, ரவை ஏஏஏ அளவு அல்லது அதைவிடப் பெரிது. வேடிக்கை என்னவென்றால், குழல் 24 அங்குலத்துக்குக் குறைந்த சொட்கனைச் சாதாரண சொட்கன் பத்திரத்தில் வைத்திருக்க முடியாது. கருணை காட்டச் சொன்ன கருவியை இன்னொரு சட்டம் வேறு பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறது!

22 ஒக்டோபர்

மேலே உள்ள வேடிக்கையை அழிக்கவில்லை, என் மடத்தனத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும். கிழவர் தந்த பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். 2007இல் அந்த 12 போர் வாசகத்தைத் தூக்கிவிட்டார்கள் என்று ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார், சரிபார்த்தேன், உண்மை. இப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளது இதுதான்: மான் கடுமையாகக் காயப்பட்டிருக்கிறது, அதைக் கொல்வதே இரக்கம் என்று நியாயமாக நம்பினால், நியாயமான எந்த வழியாலும் கொல்லலாம். அந்தக் காயம் உங்கள் சட்டவிரோதச் செயலால் வந்ததாக இருக்கக் கூடாது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பின் மான் சுடக் கூடாது என்ற தடையும், சுடக் கூடாத பருவமும் வேதனை தீர்ப்பவரைக் கட்டுப்படுத்தாது. முன்ட்ஜக், சீன நீர்மான் என்ற இரண்டு சின்ன மான் சாதிகளுக்கும் ரைபிள் அளவைக் குறைத்ததும் அதே 2007இல்தான்: .220 அங்குலம், 1,000 அடி-இறாத்தல்.

இங்கே ஓர் இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்த விலக்கு மான் சட்டத்திலிருந்து மட்டும் உங்களைக் காப்பாற்றும். துப்பாக்கிச் சட்டத்துக்கு உங்கள் இரக்கம் தெரியாது. பத்திரம் இல்லாத கைத்துப்பாக்கியோடு பிடிபட்டால், மானுக்காகத்தான் என்று அழுதாலும், 18 வயதைக் கடந்தவருக்குக் குறைந்தபட்சத் தண்டனை 5 ஆண்டு. மிக அபூர்வமான காரணம் இருந்தால்தான் நீதிபதி அதைக் குறைக்க முடியும்.

27 ஒக்டோபர்

இன்று மணிக்கூடு ஒரு மணி பின்னால் போகிறது. நாளையிலிருந்து எல்லாரும் வேலை விட்டு வரும் நேரமும் மான்கள் நடமாடும் நேரமும் ஒன்றாகிவிடும். வருடத்துக்கு 40,000 முதல் 74,000 மான்கள் வரை வாகனங்களில் அடிபடுவதாக மதிப்பிடுகிறார்கள். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரையும், பிறகு மே மாதத்திலும் அதிகம்.

நாயை இடித்தால் பொலிஸுக்குச் சொல்ல வேண்டும். ஆடு, மாடு, பன்றி, குதிரை, கழுதை, கோவேறு கழுதை எல்லாம் வீதிச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. மான் இல்லை, பூனையும் இல்லை. ஆனாலும் அழையுங்கள். அவர்களிடம்தான் கிழவரைப் போன்றவர்களின் இலக்கங்கள் இருக்கின்றன.

3 நவம்பர்

சரி, வேறு கதை.

மூன்று வருடத்துக்கு முன் கிழவருக்குக் கண் மங்கியது. பொலிஸ் பட்டியலில் அவர் இடத்துக்கு என் பெயர் போனது. அப்போது கைத்துப்பாக்கிக்கும் விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தேன். .32 அளவு, இரண்டு தோட்டா. படிவத்தை நிரப்பியும் வைத்தேன். வேறு விஷயமாக வீட்டுக்கு வந்த, துப்பாக்கிப் பத்திரங்களைப் பார்க்கும் பொலிஸ் விசாரணை அதிகாரியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. வருடத்துக்கு எத்தனை தடவை உங்களை அழைக்கிறார்கள் என்றார். ஆறு, ஏழு என்றேன். அதில் எத்தனை தடவை ரைபிளால் முடியாமல் போனது என்றார்.

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அப்படியென்றால் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ‘நல்ல காரணம்’ என்பது 1968 சட்டத்தின் 27ஆம் பிரிவில் வரும் சொல். அது எனக்கு இல்லை என்பது அன்றிரவுதான் உறைத்தது. எனக்கு இருந்தது ஆசை.

ஆசை ஏன் வந்தது என்று பிடிபடப் பல நாள் ஆனது. எங்கள் ஊர் வன்னியில். வீட்டில் துவக்கு இருந்தது, பன்றிக்கும் மரைக்கும். காட்டுக்குள் கட்டுத்துவக்கு, அதாவது மிருகம் தட்டினால் தானே வெடிக்கக் கட்டி வைத்த துவக்கு, இருக்கும் என்று அம்மா எங்களை ஒற்றையடிப் பாதையில் தனியே விடமாட்டார். துவக்கு எங்களுக்கு மண்வெட்டி மாதிரி. பிஸ்டல் அப்படியில்லை. துவக்கு மிருகத்துக்கு, பிஸ்டல் மனிதனுக்கு. அதை இடுப்பில் செருகியவன் தெருவில் வந்தால் பெரியவர்களும் பேச்சை நிறுத்துவார்கள். சட்டைக்கு வெளியே அது தெரிந்ததா தெரியவில்லையா என்று மட்டும் பார்ப்போம். பதினொரு வயதில் எனக்கு அந்த அமைதி பயமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

ஐம்பது வயதில், அடிபட்ட மான் என்ற சாக்கில், அந்த அமைதியை வாங்கப் பார்த்திருக்கிறேன். மனைவியிடம் சொன்னேன். எனக்கு அப்போதே தெரியும் என்றார்.

4 நவம்பர்

நேற்றையதை இரவில் எழுதினேன், கொஞ்சம் கனமாகப் போய்விட்டது. இன்று வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒன்றுதான்: அந்த மான் இறைச்சி கிடைக்குமா?

வீதியில் அடிபட்டதை விற்கக் கூடாது. குடல் வெடித்திருக்கும், எலும்பு நொறுங்கித் தசையெல்லாம் இரத்தம் கட்டியிருக்கும். எனக்கே மனம் வராது. ஒழுங்காகச் சுட்ட முன்ட்ஜக் என்றால் வேறு. அதற்குச் சுடக் கூடாத பருவமே இல்லை, வருடம் முழுவதும் குட்டி போடுகிற சாதி. யாழ்ப்பாணத் தூள் போட்டுப் பிரட்டல் வைத்தால் ஆட்டிறைச்சி பின்னால் நிற்கும். என் பெரியம்மா மான் வற்றலைத் தேனில் போட்டு வைப்பார். இங்கே ஒருமுறை செய்து பார்த்தேன். இங்கிலாந்து வெயிலில் வற்றல் காயாது என்பதை மட்டும் கற்றுக்கொண்டேன்.

10 நவம்பர்

பெல்ஃபாஸ்ட்டில் இருக்கும் ஒருவர், என் சக ஊழியர் சட்டப்படி பிஸ்டல் வைத்திருக்கிறாரே, நீங்கள் சொல்வது பிழை என்று காய்கிறார். காய வேண்டாம். 1997 தடை வட அயர்லாந்துக்குப் போகவில்லை. அங்கே தனிச் சட்டம், உயிருக்கு ஆபத்துள்ளவர் தற்காப்புக்கென்றுகூட வாங்கலாம். ஸ்கொட்லாந்தில் கைத்துப்பாக்கித் தடை இங்குள்ளதுதான், மான் சட்டம் மட்டும் வேறு, 1996இல் வந்தது. அதன் 25ஆம் பிரிவு காயப்பட்ட மானோடு தாயை இழந்த குட்டியையும் சேர்த்துச் சொல்கிறது. அந்த ஒரு வரி எனக்குப் பிடிக்கும்.

திருச்சியிலிருந்து ஒருவர் அங்கே எப்படி என்கிறார். இந்திய வனவிலங்குச் சட்டம் 1972, 11ஆம் பிரிவு. மீள முடியாத அளவு ஊனமோ நோயோ கொண்ட விலங்கைக் கொல்லத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்தில் அனுமதி தர வேண்டும், காரணத்தையும் எழுத வேண்டும். விலங்கு சட்டத்தின் எந்த அட்டவணையில் வருகிறது என்பதைப் பொறுத்து அவர் அதிகாரம் அளித்த அலுவலரும் தரலாம். வீதியோரம் நிற்கும் நீங்களும் நானும் கை வைக்க முடியாது.

12 நவம்பர்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து நண்பரிடம் விசாரித்ததைச் சொன்னார். ரிவால்வர்க்காரர் வேட்டை நாய்க்கூடத்தில் வேலை செய்பவராம், பண்ணைகளில் காலொடிந்த குதிரைகளையும் எழும்ப முடியாத மாடுகளையும் முடித்து வைப்பது அவர் அன்றாடத் தொழிலாம். அப்படியென்றால் 3ஆம் பிரிவு அவருக்காகவே எழுதியது போலத்தான். நாளுக்கு ஒன்று செய்கிறவருக்கும் வருடத்துக்கு ஏழு செய்கிற எனக்கும் ஒரே அளவில் சட்டை தைக்க முடியாது.

18 ஜனவரி 2025

இழை செத்துவிட்டது என்று தெரியும். ஆனாலும் எழுத வேண்டும், ஏனென்றால் நவம்பரில் நான் எழுதியது இப்போது முழுதாகச் சரியில்லை.

முந்தாநாள் இரவு ஒன்றே முக்காலுக்கு அழைப்பு. ரோ மான், கிடாய். வாகனம் தூக்கி எறிந்ததில் முள்வேலிக்கும் பிளாக்தோர்ன் பற்றைக்கும் நடுவில் போய்ச் சிக்கியிருந்தது. முதுகெலும்பு போய்விட்டது. வீதிப் பக்கமிருந்து சுட்டால் பின்னால் நூறு யார் தூரத்தில் ஒரு வீடு, மாடியில் வெளிச்சம். வயல் பக்கமிருந்து சுட்டால் வீதி, அங்கே பொலிஸ் வாகனம். மேலிருந்து நேரே மண்ணை நோக்கிச் சுடுவது ஒன்றுதான் வழி. என் .243 ரைபிள், சத்தம் குறைக்கும் குழாயோடு சேர்த்து ஒரு மீற்றருக்கு மேல். பற்றைக்குள் அதைச் செங்குத்தாகப் பிடிக்க இடமில்லை. குழாயைக் கழற்றினேன். இடது கையால் முள்ளை விலக்கினேன். அந்தத் தூரத்தில் தொலைநோக்கியில் ஒன்றும் தெரியாது, வெறும் சாம்பல் மயிர். தொலைநோக்கி குழலுக்கு மேலே நாலு சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதால், குறுக்குக் கோடு காட்டும் இடத்துக்கு நாலு சென்ரிமீற்றர் கீழேதான் தோட்டா போகும். ரோ மானின் மூளைக்கு நாலு சென்ரிமீற்றர் பெரிய தூரம். கணக்குப் போட்டு, மாற்றிப் போட்டு, கை நடுங்கி, மூன்று நிமிடமாவது ஆகியிருக்கும். அந்த மூன்று நிமிடமும் அது என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

கையளவு கருவி இருந்திருந்தால் மூன்று நொடி.

ஆகவே அதிகாரியின் கேள்விக்கு இப்போது என்னிடம் ‘ஒன்று’ என்ற பதில் இருக்கிறது. ஒன்று போதுமா என்று தெரியவில்லை. பொறாமைப்பட்ட அந்தப் பதினொரு வயதுப் பையன் இதைக் கேட்டுக் கண்ணைச் சிமிட்டுகிறானோ என்ற சந்தேகமும் போகவில்லை.

19 ஜனவரி

கிழவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்பது வருடம் செய்தவர், கைத்துப்பாக்கி ஒருபோதும் வைத்திருக்கவில்லை. தடைக்கு முன்பும் இல்லையா என்றேன். இல்லை என்றார். அப்படியான இடங்களில் என்ன செய்தீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலவற்றை மோசமாகச் செய்தேன் என்றார்.

நிரப்பிய படிவம் கடை லாச்சியில், ரசீதுக் கட்டுக்கு அடியில் கிடக்கிறது. அதில் எழுதிய முகவரி பழையது, எப்படியும் புதிதாகத்தான் எழுத வேண்டும். நாளைக் காலை பத்திரிகைக் கட்டு ஐந்தரைக்கு வந்துவிடும்.